திரி எரிந்தது 37 நாள்... தெரியுமா?

சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தத்தில் நடை பழகும் வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள்: "திரி எரிஞ்சும் வெடிக்காமக் கிடக்குற வெடிகிட்ட மட்டும் போயிடாதே!" சத்தம் வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்றா அர்த்தம்? இல்லவே இல்லை! குனிந்து பார்க்கிற நேரம் பார்த்துத்தான் அது முகத்தில் வெடிக்கும்!

உலகத்தையே குலுக்கிய வெடி ஒன்று இப்படித்தான் 37 நாள் கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தவர்கள் யார் தெரியுமா? ஏழு கடல் தாண்டிய செய்தியை எல்லாம் மோப்பம் பிடிக்கவே சம்பளம் வாங்கிய தூதர்கள்!

திரி பற்றிய நாள் 28 ஜூன் 1914, ஞாயிற்றுக்கிழமை. இடம், போஸ்னியாவின் சராயேவோ. ஆஸ்திரியா-ஹங்கேரியில் அடுத்துப் பட்டமேற இருந்த ஃபிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் 19 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொன்றான். இரண்டே தோட்டா! வெடித்து முடிந்தபோது செத்த படைவீரர்கள் மட்டும் 90 லட்சத்துக்கும் மேல்!

மணியாச்சிக்கும் சராயேவோவுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! சாத்தூர், கோவில்பட்டி தாண்டினால் மணியாச்சி ஜங்ஷன். 17 ஜூன் 1911 அன்று அங்கே நின்ற ரயில் பெட்டிக்குள் ஏறித் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்க அப்போது ஐந்தே நாள் பாக்கி!

வாஞ்சியின் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. மூன்று வருடம் கழித்துச் சராயேவோவில் சுட்ட அந்தப் பையன், கவ்ரிலோ பிரின்சிப் கையில் இருந்தது? அதுவும் பிரௌனிங்!

இன்னும் கேளுங்கள். பிரின்சிப்பின் துப்பாக்கி செய்யப்பட்டது பெல்ஜியத்தில், லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில். போர் தொடங்கியதும் ஜெர்மன் படை முதலில் போய் முட்டிய கோட்டை எது தெரியுமா? அதே லியேஜ்! பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி நுழைந்ததைச் சொல்லித்தான் பிரிட்டனும் போருக்குள் வந்தது. துப்பாக்கி பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது நெருப்பு!

மணியாச்சிக் கொலையிலும் வெளிநாட்டு முடிச்சு ஒன்று இருந்தது. ஆயுதப் பயிற்சி கொடுத்த வ.வே.சு. ஐயர் தங்கியிருந்தது பாண்டிச்சேரியில். அது பிரெஞ்சு மண்! பிரிட்டிஷ் அரசால் அங்கே உளவாளிகளை அனுப்ப முடிந்தது, கை வைக்க முடியவில்லை. அந்தத் திரி அங்கேயே நின்றுவிட்டது. சராயேவோத் திரி நிற்கவில்லை!

வண்டி எண்ணைக் கவனித்தீர்களா?

அன்று காலையிலேயே இளவரசர் மேல் ஒரு குண்டு வீசப்பட்டது. அது காரின் பின்பக்கம் பட்டு உருண்டு, பின்னால் வந்த வண்டியில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. அவர் தப்பித்துவிட்டார்! நகரசபை வரவேற்பையும் முடித்துக்கொண்டு, காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் பார்க்கக் கிளம்பினார். பாதையை மாற்றியாயிற்று. ஆனால் மாற்றியதை டிரைவரிடம் யாருமே சொல்லவில்லை! பழைய வழியிலேயே திரும்பிய கார், "இது இல்லப்பா, அது" என்று சொன்னதும் நின்றது. நின்ற இடத்தில் சில அடி தூரத்தில் பிரின்சிப்!

அந்தக் காரின் எண் பலகையில் இருந்தது: ஏ III 118. போர் நின்ற தேதி 11-11-18! ஒரு 'ஏ', ஐந்து ஒன்று, ஓர் எட்டு! வெறும் தற்செயல்தான், ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறதே! வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் அந்தக் கார் இன்றும் நிற்கிறது.

சுடப்பட்ட இளவரசர் நம் பக்கமும் வந்தவர், தெரியுமா? 1893 ஜனவரியில் கப்பலில் கொழும்பு, அங்கிருந்து பம்பாய், பிறகு ஹைதராபாத் என்று சுற்றியவர். போன இடமெல்லாம் வேட்டை! அவருடைய வேட்டைக் கணக்கு 2,70,000 உயிர்களைத் தாண்டும்!

ஆனால் செர்பியாவோடு போர் வேண்டாம் என்று வியன்னாவில் தடுத்துக்கொண்டிருந்த பெரிய கையும் அவருடையதுதான்! ஆஸ்திரியத் தலைமைத் தளபதி கான்ராட், 1913-ல் மட்டும் செர்பியா மேல் போர் தொடுக்கச் சொல்லி 25 முறை கேட்டவர். தடுத்தவரைக் கொன்றார்கள். கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, அந்தக் கொலையே போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது!

கொன்றவனுக்குத் தூக்கு இல்லை. ஏன்? 20 வயது நிரம்பாதவனுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது. பிரின்சிப்புக்கு 20 ஆக இன்னும் 27 நாள் இருந்தது!

'கடல் இவ்வளவு அமைதியா!'

பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் நிரந்தரத் தலைமை அதிகாரி சர் ஆர்தர் நிக்கல்சன். 1914 மே மாதம் அவர் சொன்னது என்ன தெரியுமா? இந்தத் துறைக்கு வந்ததிலிருந்து கடல் இவ்வளவு அமைதியாக இருந்து தான் பார்த்ததே இல்லை என்று! அடுத்த மாதமே சராயேவோ!

சரி, கொலை நடந்த பிறகாவது? ஜூன் 30-ம் தேதி ரஷ்யாவில் இருந்த தன் தூதருக்கு எழுதினார்: இந்தத் துயரம் மேற்கொண்டு சிக்கல் எதையும் உண்டாக்காது என்று நம்புகிறேன் என்று! இந்த நிக்கல்சனின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் கடைசியில் வருவார்!

மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் யாகோ, கொலை நடந்தபோது தேன்நிலவில்! ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் கீல் துறைமுகத்தில் படகுப் போட்டியில். அங்கே விருந்தாளியாக யார் வந்து நின்றார்கள்? பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள்! இரண்டு நாட்டுக் கொடியும் ஒரே துறைமுகத்தில் அரைக்கம்பத்தில் பறந்தன. பிரான்ஸ் அதிபர் புவான்காரே குதிரைப் பந்தயத்தில் இருந்தார். தந்தி வந்தது, படித்தார், பந்தயத்தைத் தொடர்ந்து பார்த்தார்!

பிரிட்டிஷ் மந்திரிசபை இந்த விவகாரத்தைப் பேச எடுத்துக்கொண்ட முதல் நாள் எது தெரியுமா? ஜூலை 24! கொலை நடந்து 26 நாள் கழித்து! அதுவரை அயர்லாந்துப் பிரச்சினையிலேயே முழுகிக் கிடந்தார்கள்.

பாரிஸ் பத்திரிகைகளில் அந்த வாரங்களில் முதல் பக்கம் முழுக்க வேறொரு துப்பாக்கிச் சத்தம். முன்னாள் பிரதமர் கையோவின் மனைவி, 'ஃபிகாரோ' பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக் கொன்ற வழக்கு! அந்த அம்மாள் கையில் இருந்த துப்பாக்கி? அதுவும் பிரௌனிங்! அவர் விடுதலையானது ஜூலை 28. ஆஸ்திரியா போர் அறிவித்ததும் அதே ஜூலை 28!

நிதானமாகச் சொன்னவருக்குத் திட்டு!

எல்லாத் தூதர்களும் தூங்கிவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

வியன்னாவில் இருந்த ஜெர்மன் தூதர் சிர்ஷ்கி முதலில் என்ன செய்தார் தெரியுமா? அவசரப்படாதீர்கள் என்று ஆஸ்திரியர்களிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். சொன்னதை அப்படியே பெர்லினுக்கு அறிக்கையாகவும் எழுதினார். அறிக்கையைப் படித்த பேரரசர் வில்ஹெல்ம் ஓரத்தில் கிறுக்கினார்: இப்படிப் பேச இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? செர்பியர்களை இப்போது தீர்க்காவிட்டால் எப்போதும் இல்லை! மேலிடத்துக் கையெழுத்தைப் பார்த்த பிறகு எந்த அதிகாரி நிதானம் பேசுவார்? சிர்ஷ்கியும் பாட்டை மாற்றிக்கொண்டார். எனக்கு இந்த ஒரு துண்டுச் செய்திதான் மொத்தக் கதையிலும் அதிக வலி தருகிறது.

ஜூலை 5-ல் போட்ஸ்டாம் அரண்மனையில் ஆஸ்திரியத் தூதருக்கு மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு அப்புறம் வில்ஹெல்ம் கொடுத்த வாக்கு: நீங்கள் என்ன செய்தாலும் ஜெர்மனி உங்கள் பின்னால் நிற்கும்! தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் மாதிரி! கொடுத்த மறுநாள் அவர் எங்கே போனார்? நார்வே கடலுக்கு, உல்லாசப் பயணம்!

வியன்னாவில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டி பன்சனுக்கு ஒரு துப்பு கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆஸ்திரியத் தூதர் கோமான் லுட்சோ, பேச்சுவாக்கில் விஷயத்தை உடைத்துவிட்டார்: செர்பியாவுக்குக் கடுமையான குற்றப்பத்திரிகை தயாராகிறது! ஜூலை 16-லேயே லண்டனுக்குத் தந்தி பறந்தது. அது செர்பியாவின் கைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே! திரி எரிவதைக் கண்ணால் பார்த்துச் சொன்ன தந்தி அது. ஆனால் வியன்னாவில் இருந்த ரஷ்யத் தூதர்? பயப்பட ஒன்றுமில்லை என்று நம்பி லீவில் கிளம்பிவிட்டார்!

சோபாவில் சரிந்த தூதர்

இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்!

செர்பியாவில் ரஷ்யாவின் தூதர் ஹார்ட்விக். பெல்கிரேடில் அவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. ஜூலை 10-ம் தேதி இரவு, ஆஸ்திரியத் தூதர் கீசலைப் பார்க்க அவருடைய தூதரகத்துக்கே போனார். இளவரசர் கொலைக்குப் பிறகு தன்னைப் பற்றிக் கிளம்பிய வதந்திகளை விளக்கத்தான்! பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு! எதிராளி நாட்டுத் தூதரகத்துக்குள்ளேயே உயிர் போய்விட்டது!

விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. அவர் மகள் வந்து, அப்பா பிடித்துப் போட்ட சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிச் சோதனைக்கு எடுத்துப் போனாராம்! விஷம் எதுவும் இல்லை, பழைய இதய நோய்தான். ஆனால் செர்பியாவுக்கு ஆலோசனை சொல்லும் ரஷ்யக் குரல், மிகத் தேவையான அந்த இரண்டு வாரத்தில் இல்லாமல் போனது!

48 மணி நேரம்!

அதே கீசல்தான் ஜூலை 23 மாலை 6 மணிக்கு ஒரு கடிதத்தோடு போனார். பத்துக் கோரிக்கை. கெடு, 48 மணி நேரம்! ஏன் சரியாக அந்த நாள், அந்த நேரம் தெரியுமா? ரஷ்யாவுக்கு விருந்தாளியாகப் போயிருந்த பிரான்ஸ் அதிபரும் பிரதமரும் திரும்பிக் கப்பலேறும் வேளை அது. இரண்டு நாடும் கூடிப் பேசிவிடக் கூடாதே!

கடிதத்தை வாங்க செர்பியப் பிரதமர் பாஷிச் ஊரில் இல்லை. தேர்தல் பிரசாரத்துக்குப் போயிருந்தார். வாங்கியவர் நிதியமைச்சர் பாச்சு. கடிதம் பிரெஞ்சில். பாச்சுவுக்குப் பிரெஞ்சு தெரியாது!

ஒரு நாடு இன்னொரு சுதந்திர நாட்டுக்கு இதைவிடக் கடுமையாக எழுதித் தான் பார்த்ததே இல்லை என்றார் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சர் எட்வர்ட் கிரே. சொல்லிவிட்டு? வார விடுமுறைக்குக் கிராமத்துக் குடிலுக்குப் போய்விட்டார்!

ஜூலை 25. பெல்கிரேடில் பதில் தயாராகிறது. அடித்தல், திருத்தல், மறுபடி அடித்தல். கடைசி நேரத்தில் டைப்ரைட்டர் உடைந்துபோனது! ஒரு நாட்டின் தலைவிதியைக் கையாலேயே எழுதினார்கள்! ஆறு மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது பிரதமர் பாஷிச் தானே எடுத்துக்கொண்டு போனார். அநேகமாக எல்லாவற்றுக்கும் சம்மதம், ஒரு முக்கியமான கோரிக்கைக்கு மட்டும் மறுப்பு. கீசல் வாங்கிப் பார்த்தார். அவர் மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்கெனவே கட்டித் தயார்! ஆறரை மணி ரயிலைப் பிடித்துவிட்டார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஆஸ்திரிய மண். பத்து நிமிடப் பயணம்! செர்பியாவின் தலைநகரம் எதிரியின் எல்லையிலேயே இருந்தது!

இதற்கு நடுவில் செர்பியத் தலைமைத் தளபதி புட்னிக் எங்கே இருந்தார் தெரியுமா? ஆஸ்திரியாவில், மருத்துவ நீரூற்றில் சிகிச்சைக்கு! ஊர் திரும்பும் வழியில் பிடித்தார்கள். கிழப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப், அவரைத் தனி ரயிலில் மரியாதையாக அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டார்! அனுப்பப்பட்டவர் போய் ஆஸ்திரியப் படையையே தோற்கடித்தார்!

செர்பியாவின் பதிலை வில்ஹெல்ம் ஜூலை 28 காலையில்தான் படித்தார். படித்ததும் எழுதினார்: இனி போருக்கு எந்தக் காரணமும் இல்லை! சில மணி நேரத்தில் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது! எப்படி? சாதாரணத் தந்தியில்! கையில் தந்தியை வைத்துக்கொண்டு, இது நிஜமா, யாராவது விளையாடுகிறார்களா என்று சந்தேகப்பட்டார் பாஷிச்!

'நிக்கி'யும் 'வில்லி'யும்

ரஷ்யப் பேரரசரும் ஜெர்மன் பேரரசரும் சொந்தக்காரர்கள், தெரியுமா? ஜூலை 29-லிருந்து ஆகஸ்ட் 1 வரை மாறி மாறித் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஒருவர் 'நிக்கி', மற்றவர் 'வில்லி' என்று கையெழுத்து! எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! பிரிட்டிஷ் அரசர் ஜார்ஜ் இருவருக்குமே நெருங்கிய சொந்தம்: வில்லிக்கு மாமா பிள்ளை, நிக்கிக்குப் பெரியம்மா பிள்ளை! விவகாரத்தை ஹேக் நடுவர் மன்றத்துக்கு அனுப்பலாமே என்றார் நிக்கி. வில்லி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

சரவெடியில் முதல் வெடி வெடித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியுமா? ஒவ்வொரு நாடும் இன்னொன்றோடு ஒப்பந்தத் திரியால் பின்னிக் கிடந்தது!

ஆகஸ்ட் 1. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சாசனோவ் முன்னால் ஜெர்மன் தூதர் பூர்த்தலேஸ். படை திரட்டுவதை நிறுத்துவீர்களா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முடியாது! நடுங்கும் கையோடு போர் அறிவிப்புக் காகிதத்தை நீட்டினார். நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் அழுதார். காகிதத்தில் என்ன வேடிக்கை தெரியுமா? பதில் வந்தால் ஒரு வாசகம், வராவிட்டால் ஒரு வாசகம் என்று பெர்லின் இரண்டு அனுப்பியிருந்தது. பதற்றத்தில் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்!

உறையை மாற்ற ஓடிய பையன்

ஆகஸ்ட் 4 இரவு, லண்டன். பெல்ஜியத்துக்காகப் பிரிட்டன் ஜெர்மனிக்குக் கொடுத்த கெடு இரவு 11 மணி. நமக்கு அது விடிகாலை நாலரை, விஸ்வநத்தத்தில் சேவல் கூவும் நேரம்!

அதற்குள் ஒரு வதந்தி: ஜெர்மனியே முந்திக்கொண்டு போர் அறிவித்துவிட்டதாம்! வெளியுறவுத் துறை அவசரமாக அதன்படி கடிதம் எழுதி ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கிக்குக் கொடுத்தனுப்பியது. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, செய்தி பொய்! சரித்திரத்தின் மிகப் பெரிய கடிதத்தில் பிழை!

உறையைத் திரும்ப வாங்கி, சரியான கடிதத்தைக் கொடுக்க வேண்டும். யாரை அனுப்பினார்கள்? 27 வயது இளைஞர் ஹரால்ட் நிக்கல்சனை! ஞாபகம் இருக்கிறதா அந்தப் பெயர்? சிக்கல் எதுவும் வராது என்று 35 நாள் முன்பு எழுதிய சர் ஆர்தரின் மகன்! அப்பா அமைதி என்று எழுதினார், பிள்ளை போர்க் கடிதம் கொண்டு போனார்! இரவு 11.05-க்குப் போய்ச் சேர்ந்தபோது தூதர் இரவு உடையில் கட்டிலில் கிடந்தார். முதல் கடிதத்தைப் படிக்கவே இல்லை! என்ன இருக்கும் என்று தெரியாதா என்ன? போர் வரும், பிரிட்டன் சும்மா இருக்காது என்று பெர்லினுக்கு விடாமல் எழுதியவர் அவர். அங்கே யாரும் கேட்கவில்லை!

முந்தின நாள் அந்தி. ஜன்னல் வழியே தெருவிளக்கு ஏற்றுவதைப் பார்த்த கிரே, ஐரோப்பா முழுக்க விளக்குகள் அணைகின்றன, மறுபடி எரிவதைத் தன் ஆயுளில் பார்க்க முடியாது என்றாராம். அன்று நம் வீட்டு விளக்கை ஏற்றிய தீக்குச்சி எந்த ஊருடையது தெரியுமா? பெரும்பாலும் ஸ்வீடன், ஜப்பான் சரக்கு! போரில் ஐரோப்பியச் சரக்கு வரத்துக் குறைந்து, சந்தையை ஜப்பான் பிடித்தது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி, ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய்! அதே சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள்!

யானை மேல் இருந்த தூதர்

1914-ல் இந்தியாவின் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். அவர் அதற்கு முன் யார் தெரியுமா? ரஷ்யாவில் பிரிட்டிஷ் தூதர்! அப்புறம் வெளியுறவுத் துறையின் தலைமை அதிகாரி. அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் அந்த 'அமைதியான கடல்' நிக்கல்சன்!

23 டிசம்பர் 1912. புதுத் தலைநகரான டெல்லிக்குள் யானை மேல் ஊர்வலமாக நுழைந்தார் ஹார்டிஞ்ச். சாந்தினி சௌக்கில் அவர் மேல் குண்டு! குடை பிடித்தவர் இறந்தார், இவர் முதுகு கிழிந்து பிழைத்தார். சராயேவோவுக்கு ஒன்றரை வருடம் முன்னால்! ஒரு அரசியல் கொலை முயற்சி எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்த அந்த மனிதர்தான், இந்தியர் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார்! 13 லட்சம் பேர் இங்கிருந்து போனார்கள். 74,000 பேர் திரும்பவில்லை. அவர் வீட்டையும் அந்த வருடம் விடவில்லை. ஜூலையில் மனைவி இறந்தார், டிசம்பரில் போர்க்காயத்தால் மூத்த மகன்.

பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-வது காலாட்படை எங்கே போய் நின்றது தெரியுமா? கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில்! 1914 நவம்பர் சண்டை. சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையை, ஜெர்மன் தரப்பின் சுமார் 1,000 பேர் தடுத்துத் திருப்பினார்கள். போதாததற்குத் துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த காட்டுத் தேனீக்கள் இரண்டு பக்கத்தாரையும் கொட்டித் தீர்த்தன! அந்தச் சண்டைக்கே தேனீச் சண்டை என்று பேர்!

கடைசியாக ஒன்று!

சராயேவோவில் துப்பாக்கி வெடித்து 86-வது நாள். 22 செப்டம்பர் 1914, இரவு ஒன்பதரை அளவில் மதராஸ் கடற்கரைக்கு வந்து நின்றது ஒரு ஜெர்மன் கப்பல். போர் அறிவித்து ஏழு வாரம் ஆகியும் ஊரில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன! கலங்கரை விளக்கமும்தான்! குறி பார்க்க வேறென்ன வேண்டும்? சுமார் 125 குண்டுகள்! பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் வானம் சிவக்க எரிந்தன. ஒரு குண்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது. அங்கே இன்றும் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டே ஓடினார்கள்!

ஏழே வாரத்தில், நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே அந்தக் கப்பலின் கதை முடிந்தது. ஆனால் அதன் பெயர் முடியவில்லை! பட்டாசுக் கட்டை ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்து எடுத்துவிடுகிற வாண்டுப் பேரனைப் பார்த்து எங்கள் பக்கத்துப் பாட்டிகள் இன்றும் சொல்வார்கள்:

"அடேயப்பா, சரியான எம்டன்டா நீ!"